ஓஸ் பிடிக்காத ஆபீசர்: தீயணைப்பு நிலைய அலுவலரோடு உங்கள் அனுபவம் என்ன?

பஜார் தெருக்காரன்

போன சித்திரையில் எங்கள் தெருவில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை எரிந்தது. ராத்திரி பதினொன்றரை இருக்கும். 101-க்குப் போன் போட்டது நான்தான். எடுத்தவர் இடத்தைக் கேட்டுக்கொண்டு, "இதே நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடுவோம், எடுங்க" என்று வைத்துவிட்டார். அரை நிமிஷத்தில் கூப்பிட்டார்கள். பொய் அழைப்பு அவ்வளவு வருகிறதாம்.

வண்டி வந்து நின்றதும் வீரர்கள் ஓஸை, அதாவது தண்ணீர் அடிக்கிற குழாயை, உருட்டி விரிக்கிறார்கள். முன் சீட்டிலிருந்து இறங்கிய நிலைய அலுவலர் கையில் ஒரு டார்ச் மட்டும். ஷட்டர் அருகே போய்ப் புறங்கையைக் காட்டிப் பார்த்தார். பின்சந்து வரைக்கும் நடந்து போனார். எனக்கானால் வயிறு எரிகிறது. கடை எரிகிறது, இவர் என்ன உலாத்துகிறார்? திரும்பி வந்து கடைக்காரரிடம், "உள்ள யாராவது படுத்திருக்காங்களா? சிலிண்டர் இருக்கா? மாடிக்குப் படி எந்தப் பக்கம்?" என்றார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு "முப்பது லட்ச ரூபா சரக்கு சார்" என்று அழுகிறார். "அண்ணே, சரக்கு இருக்கட்டும். ஆள் இருக்கா, அதச் சொல்லுங்க."

பிறகு செய்ததுதான் தெருவையே கொதிக்க வைத்தது. முதல் தண்ணீர் எரிகிற கடைக்குப் போகவில்லை. பக்கத்துத் துணிக்கடைச் சுவரில் அடிக்கச் சொன்னார். அதற்கு மேல்மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களைப் பின்படி வழியாக ஏற்கெனவே இறக்கியாயிற்று. "எரியுறத விட்டுட்டு எரியாததுக்குத் தண்ணி அடிக்கிறான் பாருய்யா" என்று கூட்டம் கத்தியது. நானும் கத்தினேன், மறைக்க என்ன இருக்கிறது. ஒரு பையன் கடப்பாரையோடு ஷட்டரைத் தூக்க ஓடினான். அவர் பாய்ந்துபோய் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் பையன் மல்லாந்து விழுந்தான்.

கரண்டைத் துண்டித்துவிட்டதாக ஈ.பி.காரர் சொன்ன பிறகுதான் ஷட்டரில் கைவைத்தார்கள். இரண்டு பக்கமும் ஓஸோடு ஆட்கள் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்க, ஒரு ஜாண் மட்டும் தூக்கினார்கள். அந்த ஒரு ஜாண் சந்தில் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, தீ நாக்கு நீட்டி நடுத்தெரு வரைக்கும் வந்து போனது. பையன் நின்ற இடம் அதுதான்.

கடை போய்விட்டது. பக்கத்துச் சுவர் நின்றது. அன்றிலிருந்து எனக்கு ஒரு குடைச்சல்: தண்ணீர் அடிப்பது வீரர்கள் வேலை என்றால், நிலைய அலுவலருக்கு உண்மையில் என்னதான் வேலை? பார்த்தவர்கள், பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற முன்னணி தீயணைப்போர்

தம்பி, நான் இந்தத் துறையில 31 வருஷம் இருந்துட்டு வெளிய வந்தவன். உங்க தெரு கத்தின கத்தல எத்தனையோ தெருவுல கேட்டாச்சு.

முதல்ல கணக்கச் சொல்றேன். வண்டியில 4,500 லிட்டர் தண்ணி. ரெண்டு பிராஞ்சை, அதான் ஓஸ் முனையில மாட்டுற பீச்சுக்குழாய, முழுசா திறந்தா அஞ்சாறு நிமிஷத்துல வண்டி காலி. அடுத்த தண்ணி எங்கருந்து வரும்? கோயில் தெப்பக்குளமா, கல்யாண மண்டபத்துத் தொட்டியா, நகராட்சி லாரியா? கோடையில எந்தக் குளம் வத்தும்னு தெரியணும், ராத்திரி எந்த மண்டபத்து வாட்ச்மேன் கதவத் திறப்பான்னும் தெரியணும். புது ஊருக்கு மாத்தலாகி வர்ற நல்ல ஆபீசர் முதல் வாரமே வண்டிய எடுத்துக்கிட்டு ஊரச் சுத்துவார். எந்தச் சந்துல வண்டி திரும்பும், எதுல திரும்பாது, எங்க ஒயர் தாழத் தொங்குது, எல்லாம் நோட்டுல ஏறும். 1985 தீயணைப்புச் சட்டம் அவருக்கு அதிகாரம் குடுக்குது. கதவ ஒடைக்கலாம், தெருவ அடைக்கலாம், யார் கிணத்துலயும் தண்ணி எடுக்கலாம். ஆனா மறுநாளும் அதே ஊர்லதானே டீ குடிக்கணும்?

உங்க கடையப் பத்தி: ரெண்டுல ஒண்ணுக்குத்தான் தண்ணி இருக்குன்னா, போனத விட்டுட்டு போகப்போறதத்தான் பிடிக்கணும். அத வாய் தொறந்து சொல்லவும் முடியாது. கடைக்காரர் முன்னாடி நின்னு "உங்க கடை போச்சு"ன்னு எவன் சொல்லுவான்?

எனக்கு மறக்காத அழைப்பு தீயே இல்ல, கிணறு. ஒரு கிராமத்துல மோட்டார் எறக்கின கிணத்துக்குள்ள ஒருத்தர் எறங்கி மயங்கிட்டார். தூக்கப் போன அவர் தம்பியும் சரிஞ்சிட்டார். நாங்க போய்ச் சேர்ந்தப்ப மூணாவது ஆள் இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு நிக்கிறான். அவங்க மச்சானாம். எங்க ஆபீசர் முதல் வேலையா அந்தக் கயித்த அவுத்தார். வசவு, அடிதடி வரைக்கும் போச்சு. வண்டியில மூச்சுக் கருவி ரெண்டு செட்டு. ஒண்ணுல பிரஷர் எறங்கியிருந்துச்சு. என் கூட வேலை பார்த்தவன், நல்ல நீச்சல்காரன், "சார், மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஒரே முங்கா போயிட்டு வந்துர்றேன்"ங்கிறான். ஆபீசர் அவன ஏறெடுத்துப் பார்க்கல. "செட்டு ஒண்ணுதான், ஆள் ஒண்ணுதான்"னு என்னைக் கை காட்டினார். நான் மாட்டிக்கிட்டு எறங்குற நேரத்துல கிணத்துக்குள்ள தண்ணிய ஸ்பிரே அடிக்க வச்சார். ஊர்க்காரங்கள விட்டு வேப்பங்குழைய கயித்துல கட்டி மேலயும் கீழயும் ஆட்டச் சொன்னார், காத்து கலங்கட்டும்னு.

ரெண்டு பேரையும் தூக்கினோம். தம்பிக்காரர் பிழைச்சார். அண்ணன் இல்ல.

அன்னிக்கு ராத்திரி ஸ்டேஷன்ல அந்த நீச்சல்காரன் ஆபீசர்கிட்ட பேசவே இல்ல. "என்னை விட்டிருந்தா ரெண்டு நிமிஷம் மிச்சமாயிருக்கும்"னு எங்கிட்டப் பொருமினான். இருந்திருக்கலாம். எனக்கு இன்னிக்கும் தெரியாது. ஆனா மறுநாள் காலை ரோல் கால்ல எங்க பேர் எல்லாம் கூப்பிட்டாங்க, எல்லாரும் "உள்ளேன் ஐயா" சொன்னோம்.

2020 தீபாவளி சமயத்துல மதுரை நவபத்கானா தெருவுல பழைய கட்டடத்துல ஜவுளிக்கடை எரிஞ்சப்போ, சுவர் இடிஞ்சு எங்க ஆளுங்க ரெண்டு பேர் போயிட்டாங்க. நான் சர்வீஸ்ல இல்ல அப்போ. டிவியில பார்த்துட்டு அந்த ஸ்டேஷன் ரோல் காலத்தான் நினைச்சேன். ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள்னு நாங்க சட்டையில குத்துற சின்னக் கொடியும் அப்படி வந்ததுதான். 1944-ல பம்பாய் துறைமுகத்துல பஞ்சும் வெடிமருந்தும் ஏத்தின கப்பல் எரிய, அணைக்கப் போன தீயணைப்போர் 66 பேர் வெடிச்சதுல செத்தாங்க. யார உள்ள விடணும், யார வெளிய இழுக்கணும்கிறதுதான் ஆபீசர் வேலை. மத்ததெல்லாம் ரிஜிஸ்டர்.

சீசன் வியாபாரி

அண்ணாச்சி, நமக்கு நெருப்புல பழக்கமில்ல, டேப்புல பழக்கம். வருஷா வருஷம் தீபாவளிக்கு மைதானத்துல தற்காலிகப் பட்டாசுக் கடை போடுவோம். லைசென்ஸ் கைக்கு வரணும்னா தீயணைப்புத் துறை தடையில்லாச் சான்று வேணும். ஒரு வருஷம் வந்த ஸ்டேஷன் ஆபீசர் இஞ்ச் டேப்போட வந்தார். கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி இருக்கணும், பக்கத்துக் கட்டடத்துல இருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கணும், ஒரு கடை வாசல் இன்னொரு கடை வாசலப் பார்க்கக்கூடாது. இதெல்லாம் சட்டத்துல இருக்குதுதான், ஆனா அளந்து பார்த்த ஆள அன்னிக்குத்தான் பார்த்தேன். எனக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவுல இருந்தது ரெண்டே கால் மீட்டர். "சார், தகரம் எல்லாம் அடிச்சாச்சு, முக்கா மீட்டர்தானே" என்றேன். "தீக்கு முக்கா மீட்டர் தெரியாது, பிரிங்க" என்றார். கூரையில ஒயர்ல தொங்கின குண்டு பல்பையும் கழட்ட வச்சு, தகரத்தோட சேர்த்துப் பொருத்திய பிறகுதான் போனார்.

ஒரு நாள் வியாபாரம் போச்சு. அந்த ஆள நான் திட்டாத திட்டில்ல. எங்க சித்தப்பா மட்டும் சிரிச்சார். அவர் 2012 செப்டம்பர் 5 அன்னிக்கு சிவகாசி முதலிப்பட்டிக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தவர். பட்டாசு ஆலை எரியுதுன்னு வேடிக்கை பார்க்கவும் காப்பாத்தவும் ஓடின சனம் அடுத்த வெடியில மாட்டுச்சு. செத்தவங்கள்ல அப்படி வந்தவங்களே நிறைய. "அளக்கிறவன் வந்தா காபி வாங்கிக் குடு, டேப்பப் பிடுங்காத" என்பார்.

மாடித்தோட்டம்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பாம்பு. வந்தவர்களில் மூத்தவர் நிலைய அலுவலர் என்று பிறகுதான் தெரிந்தது. இடுக்கியால் பிடித்து சாக்கில் போட்டுவிட்டு, "சாரைம்மா, ஒண்ணும் பண்ணாது, எலி தின்ன வந்திருக்கு" என்றார். கிளம்பும்போது சமையலறையை எட்டிப் பார்த்து, கேஸ் ட்யூப் எப்போது மாற்றியது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பாம்பைவிட அதுதான் அன்று தூக்கத்தைக் கெடுத்தது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, தஞ்சைப் பகுதி

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கருகியபோது நான் பக்கத்து வட்டத்தில் உதவி ஆசிரியை. சத்துணவுச் சமையல் தீ கீற்றுக் கூரையில் ஏறியது. அதற்குப் பிறகு எங்கள் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் பிரிக்கப்பட்டதும், தீயணைப்புத் துறைச் சான்று கேட்டுக் கோப்புகள் நகர்ந்ததும் எல்லாருக்கும் தெரிந்ததே.

நான் சொல்ல வந்தது சில வருடம் கழித்து நடந்தது. அப்போது நான் தலைமையாசிரியை. ஆய்வுக்கு வந்த நிலைய அலுவலரிடம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன்: சிவப்பு வாளிகளில் மணல், காலாவதியாகாத தீயணைப்பான், சுவரில் 101 என்று பெரிய எழுத்து. அவர் அவற்றைச் சரிபார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு முன்னறிவிப்பு எதுவுமில்லாமல், "மேடம், பெல் அடிக்கச் சொல்லுங்க, பிள்ளைங்க எல்லாரும் மைதானத்துக்கு வரட்டும்" என்றார்.

பிள்ளைகள் வந்தார்கள். மாடி வகுப்புகள் கிழக்குப் படியில் முட்டி மோதி நின்றன, ஏனென்றால் மேற்குப் படியின் கீழே இரும்புக் கதவு பூட்டியிருந்தது. "சாவி யார்கிட்ட?" என்றார். வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் எங்கே? டீ குடிக்கப் போயிருக்கிறார். அவர் கோபப்படவில்லை. மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "அவர் வரட்டும், காத்திருப்போம்" என்றார். அறுநூறு பிள்ளைகளும் நானும் அவரும் ஒரு வாட்ச்மேன் டீ குடித்து வரும் வரைக்கும் காத்திருந்தோம். பதினான்கு நிமிடம். அவர் கைக்கடிகாரத்தை என்னிடம் காட்டவில்லை, நானே பார்த்துக்கொண்டேன்.

சான்று அன்று கிடைக்கவில்லை. கதவில் பூட்டுக்குப் பதில் உள்பக்கத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தகவல் சொன்ன பிறகு வந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

குடிசை போனவன்

எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் வேறு சொல்லட்டுமா? எங்கள் வீடு எரிந்தபோது வண்டி சீக்கிரம் வந்தது, அணைத்தார்கள், குறையில்லை. பிரச்சினை அதற்குப் பிறகு. தீ விபத்து அறிக்கை இல்லாமல் இன்சூரன்ஸ் கிடையாது, தாலுகா ஆபீசிலும் அதைத்தான் கேட்கிறார்கள். அந்த அறிக்கைக்காக நான் ஸ்டேஷனுக்கு ஏழு முறை நடந்தேன். "ஆபீசர் ஸ்டாண்ட்-பை டூட்டிக்குத் தேருக்குப் போயிருக்கார்", "மினிஸ்டர் பந்தோபஸ்து", "கையெழுத்து ஆகல". கடைசியில் கையில் வந்த காகிதத்தில் காரணம்: மின்கசிவு. எங்கள் குடிசைக்கு அன்று கரண்டே இல்லை ஐயா. இரண்டு நாளாக லைன் கட். அடுப்புப் பொறி என்று நானே அவரிடம் சொன்னேன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம், ஆள் மாற்றலாகிப் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற முன்னணி தீயணைப்போர்

உங்க கோபம் நியாயம்தான். காரணம் பிடிபடலன்னா "மின்கசிவு"ன்னு எழுதிட்டுப் போற பழக்கம் எங்க துறையில உண்டு, நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். அந்த அறிக்கை கம்பெனிக்கும் போகும், கோர்ட்டுக்கும் போகும், அதுல ஆபீசர் கையெழுத்து நிக்கும். எனக்கு வாய்ச்ச ஒரு ஆபீசர் சாம்பல கையால கிளறிப் பார்ப்பார். எங்க ரொம்ப ஆழமா கருகியிருக்கோ அங்கருந்து ஆரம்பிச்சுப் பின்னாடி போவார். சேத மதிப்புக்குப் பக்கத்துலயே காப்பாத்தின சொத்து மதிப்புன்னு ஒரு கட்டம் வரும். அதையும் வீட்டுக்காரங்கள பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் எழுதுவார். உங்களுக்கு அவர் கிடைக்கல. மேல மாவட்ட அலுவலர்கிட்ட மனு குடுத்திருக்கலாம். இப்ப சொல்லி என்ன.

பஜார் தெருக்காரன்

எல்லாருக்கும் நன்றி. கிணற்றுக் கதையைப் படித்துவிட்டு எங்கள் நிலைய அலுவலரைத் தேடிப் போனேன். வாட்ச் ரூம் வாசலில் ஈர ஓஸ் காய்ந்துகொண்டிருந்தது. அன்று கத்தியதற்கு வருத்தம் சொல்லலாம் என்றுதான் போனேன். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை. கத்தினவர்கள் எத்தனையோ பேர். கடையின் பெயரைச் சொன்னதும் மட்டும் நிமிர்ந்தார். "அந்தக் கடை மறுபடி திறந்தாச்சாமே, மாடிப்படி ஃப்ரீயா இருக்கா?" என்று கேட்டார். தெரியாது சார், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. படியில் கீழிருந்து மேல் வரைக்கும் பக்கெட்டும் நாற்காலியும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "சீசன் முடியட்டும் தம்பி, எடுத்துருவோம்" என்றார். ஸ்டேஷன் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தினம் முகம் பார்க்கிற மனுஷன்.