யானைப் பராமரிப்புக்குத் தொழில்முறைப் பயிற்சி: பாலக்காட்டுப் பக்கம் இருப்பவர் எங்கே, எதைக் கற்க வேண்டும்?

கொல்லங்கோட்டுக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கொல்லங்கோட்டுக்கு அருகில், வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசி வாழும் குடும்பம். என் அக்காள் மகன் விலங்கியலில் பட்டம் பெற்று, ஓர் உயிரியல் பூங்காவில் ஓராண்டு ஒப்பந்தப் பணியாளனாக மான்களையும் குரங்குகளையும் கவனித்துவந்தான். இப்போது யானைகளோடுதான் வேலை செய்வேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். நெம்மாறை வேலா கோயில் திருவிழாவில் வரிசையாக நிற்கும் யானைகளைச் சிறுவயது முதலே பார்த்து வளர்ந்தவன் என்பதால் அந்த ஆசையில் எனக்கு வியப்பில்லை.

சென்ற ஆண்டு ஒரு தனியார் நிறுவனம் நடத்திய மூன்று நாள் 'யானை மேலாண்மைச் சான்றிதழ் வகுப்பு'க்குப் பணம் கட்டி அனுப்பினேன். மூன்று நாளும் திரையில்தான் யானை வந்தது. சான்றிதழ் மட்டும் நல்ல கெட்டியான தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

உயிரியல் பூங்காக்களில் யானைகளைப் பராமரிப்பதற்கென முறையான பயிற்சி நம் பக்கத்தில் இருக்கிறதா, வெளிநாடுகளில் அதை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். யானை அடித்துவிடும் என்று அக்காள் தினமும் அழுகிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பழைய மண்ணுத்தி மாணவன்:

ஐயா, முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். பூங்காக்களிலும் சர்க்கஸ்களிலும் உள்ள யானைகளை முகாம்களுக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும் மாற்ற வேண்டும் என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009 நவம்பரிலேயே ஆணையிட்டுவிட்டது. மைசூரு போன்ற சில இடங்களில் யானைகள் இன்னும் இருந்தாலும், பூங்கா வேலையை மட்டும் நம்பி உங்கள் மருமகன் இத்துறைக்கு வருவது சரியாக இராது. கேரளத்தில் கோட்டூர் மறுவாழ்வு மையம், கோன்னி, முத்தங்கா முகாம்கள், தமிழ்நாட்டில் தெப்பக்காடு, கோழிகமுத்தி, திருச்சிக்கு அருகில் எம்.ஆர். பாளையம் ஆகியவையே இன்று யானையை அருகிலிருந்து கற்கக்கூடிய இடங்கள். திருச்சூர் மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த யானை ஆய்வு மையமும் உண்டு. அங்கே விசாரித்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போவது நல்லது.



கால்நடை மருத்துவனாக நான் பார்த்தவரை, பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வேறுபாடு காலை முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். யானையின் உடல் வெப்பம் 36 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதை அறிய யானையைத் தொடவே வேண்டியதில்லை, போட்ட சூடு ஆறுவதற்குள் லத்தி (சாணம்) உருண்டையின் நடுவில் வெப்பமானியைச் செருகினால் போதும். கோட்டூரில் 2021இல் குட்டிகளைக் கொன்ற ஹெர்பிஸ் வைரஸ் போன்ற நோய்களில், குட்டி சோர்ந்திருப்பதையும் முகம் வீங்குவதையும் நாக்கு நீலம் பாய்வதையும் பராமரிப்பவர் அன்று காலையே கண்டு சொல்லாவிட்டால், மருத்துவர் வந்து சேரும்போது மருந்துக்கு வேலை இருக்காது. ஆகவே வாயைத் திறந்து நாக்கைக் காட்டக் குட்டியைப் பழக்குவதும், பார்த்ததை நாள்தோறும் பதிவேட்டில் எழுதுவதும் பயிற்சியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பணம் கட்ட வேண்டாம்.

ஆனைமலை அடிவாரம்:

என் தந்தை கோழிகமுத்தியில் காவடியாக, அதாவது பாகனுக்கு உதவியாளராக, வேலை பார்த்தவர். எங்களுக்கு வகுப்பறை என்பது ஓடைதான். யானையை ஒருபக்கமாகப் படுக்கவைத்துத் தேய்க்கும் அந்த நேரத்தில்தான் நான்கு உள்ளங்கால்களையும் ஒருசேரப் பார்க்க முடியும். அப்பா கையால் தடவிக்கொண்டே போவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். அங்கே கல் குத்தியோ முள் ஏறியோ இருக்கும். பொதுவாக ஆசிய யானைக்கு முன்னங்காலில் ஐந்தும் பின்னங்காலில் நான்குமாக 18 நகங்கள். நலமான யானைக்கு நகத்தின் மேல்விளிம்பில் வியர்வை கசிந்து புழுதி ஒட்டியிருக்கும். எல்லா நகக் கண்ணும் காய்ந்து கிடந்தால் அப்பா அன்றைக்கு யானையை வேலைக்கு விடமாட்டார், ரேஞ்சரே வந்து சொன்னாலும் சரி.

இன்னொன்றையும் மனத்தாங்கலோடு சொல்கிறேன். தெப்பக்காட்டிலிருந்தும் எங்கள் முகாமிலிருந்தும் 13 பாகன்களையும் காவடிகளையும் தாய்லாந்தின் லாம்பாங் யானைப் பாதுகாப்பு மையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்ப 2023இல் தமிழ்நாடு அரசு 50 லட்சம் ரூபாய் ஒதுக்கியபோது, காட்டுக்காரனுக்கு வெளிநாடு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. தம்பி பட்டம் படித்தவர் என்பதற்காகப் பாகன்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகக் கூடாது. ஆறு மாதமாவது சாணி அள்ளி, ராகிக் களி கிண்டி, அவர்கள் பின்னால் நடக்க வேண்டும். மதநீர் ஒழுகத் தொடங்கும் முன்பே யானையின் நடை மாறுவதைப் பக்கத்தில் நடப்பவர்தான் காண்பார்.

கொல்லங்கோட்டுக்காரன்:

இருவருக்கும் மிக்க நன்றி. வெளிநாட்டுப் பூங்காக்களில் பணியாளர் யானையின் கொட்டடிக்குள்ளேயே போவதில்லை என்று மருமகன் சொல்கிறான். உள்ளே போகாமல் காலை எப்படிக் கழுவ முடியும்?

நல்லேப்பிள்ளி டூ டெக்சாஸ்:

நான் இங்கே ஒரு பூங்காவில் யானைப் பிரிவில் வேலை செய்கிறேன். தம்பி சொல்வது உண்மைதான். 1990களின் தொடக்கத்தில் சான் டியாகோவில் உருவான இம்முறையில், யானைக்கும் நமக்கும் இடையில் எப்போதும் கனத்த இரும்புத் தடுப்பு இருக்கும். பணியாளர் உயிரிழப்புகளுக்குப் பிறகு, அமெரிக்கப் பூங்காக்களின் சங்கம் 2011இல் கொள்கை வகுத்து, விதிவிலக்கான சூழ்நிலைகள் தவிர மற்ற நேரங்களில் தன் உறுப்பினர் பூங்காக்கள் 2014 செப்டம்பருக்குள் இம்முறைக்கு மாற வேண்டும் என்றது. யானைப் பிரிவினருக்கென அச்சங்கம் தனிப் படிப்பும் நடத்துகிறது.

நீண்ட கோலின் நுனியில் ஒரு பந்து இருக்கும். யானை அதைத் தொட்டால் விசில் ஊதிப் பழத்துண்டு கொடுப்போம். பந்தைத் தடுப்பின் கீழ்ச்சாளரத்துக்கு நகர்த்தினால் கால் அங்கே வரும். நாங்கள் இப்புறம் அமர்ந்து அரத்தால் நகத்தைத் தேய்ப்போம். விருப்பமில்லையென்றால் யானை எழுந்து போய்விடும். தண்டனை கிடையாது.

நான் மிகவும் கஷ்டப்பட்டுக் கற்றது காசநோய்ச் சோதனைக்குத் துதிக்கை கழுவுவதுதான். 60 மில்லிலிட்டர் உப்புநீரை மூக்குத் துளைக்குள் விட்டு, துதிக்கையை உயர்த்திச் சற்று நேரம் பிடிக்கச் செய்து, பிறகு தாழ்த்திப் பைக்குள் ஊதச் செய்ய வேண்டும். இப்படி வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள். முதல் மூன்று வாரம் வெறும் ஊசிக்குழாயைத் துதிக்கை நுனியில் காட்டுவது மட்டுமே என் வேலை. நான்காம் வாரம் அவசரப்பட்டு நீரை விட்டேன். அந்தப் பெண் யானை அவ்வளவையும் என் சட்டையில் ஊதிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன்.

பழைய மண்ணுத்தி மாணவன்:

டெக்சாஸ் தம்பி சொன்னவற்றில் பழக்கும் முறையை நம் மையங்கள் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம். பந்து கட்டிய கோலுக்கு என்ன செலவு? ஆனால் தடுப்பை மட்டும் கட்டிவிட்டு, யானை நடக்கக் காட்டையும் குளிக்க ஓடையையும் கொடுக்காவிட்டால், காங்கிரீட் தரையில் நின்று நின்றே கால் அழுகும். அக்காளிடம் ஒன்று சொல்லுங்கள்: ஆபத்தே இல்லாத யானை வேலை கிடையாது. எனக்குப் பயமில்லை என்று சொல்லும் பாகனின் யானைக்கு ஊசி போட நான் போனதுமில்லை.

கொல்லங்கோட்டுக்காரன்:

அடுத்த மாதம் கோட்டூருக்கும் மண்ணுத்திக்கும் நேரில் போய் விசாரிப்பதாக முடிவு செய்திருக்கிறோம். நேற்று மாலை பக்கத்து ஊர்க் கோயிலுக்கு வந்திருந்த யானையின் நகங்களைப் பார்க்க மருமகன் குனிந்து நின்றிருக்கிறான். முன்னங்கால்கள் இரண்டிலும் ஈரம் இருந்ததாம். பின்னங்கால்களைப் பார்ப்பதற்குள் பாகன் விரட்டிவிட்டாராம்.