நீலச் சாம்பல் நிலைக்குமா? ஊர்க்கோழி வளர்ப்போர் விவாதம்

வாவிக்கரையான் (ஆரையம்பதி):
‘படுவான்கரைப் பண்ணை’ என்ற பெயரில் எழுதும் தம்பி, ஊர்க்கோழியில் நீலச் சாம்பல் நிறத்தைத் தாம் நிலைப்படுத்திவிட்டதாக நேற்று முன்தினம் இங்கே அறிவித்தார். நீலச் சேவலையும் நீலப் பேட்டையும் மூன்று தலைமுறை பொறுக்கிச் சேர்த்தால், அதன் பின் பொரிக்கும் குஞ்சு ஒவ்வொன்றும் நீலமாகவே இருக்குமாம். அதை வாசித்துவிட்டு இன்று காலை இருவர் என் வாசலுக்கு வந்து, “உங்கள் முட்டையில் கறுப்புக் குஞ்சு வருகிறதே, அவருடைய முட்டையில் வருவதில்லையாமே” என்று கேட்டார்கள். ஒன்பது வருடமாக நீலம் வளர்க்கும் எனக்கு இந்தக் கேள்வி சுட்டது.

எல்லோரும் அறியச் சொல்கிறேன். நீலத்தை நீலத்தோடு சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு கறுப்பு, இரண்டு பங்கு நீலம், மீதி ஒரு பங்கு வெள்ளையில் நீலத் தெறிப்பு. கறுப்பை மங்கச் செய்யும் பரம்பரை அலகு கோழியிடம் ஒன்று இருந்தால் அது நீலம். தாய் வழியிலும் தந்தை வழியிலுமாக இரண்டு வந்துவிட்டால் தெறிப்பு. ஆகவே நீலக் கோழி என்பது எப்போதும் பாதி வழியில் நிற்கும் கோழி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேற்சன், பனெற் என்ற பரம்பரையியல் ஆய்வாளர்கள் கேம்பிரிட்ஜில் அந்தலூசியன் என்ற நீலநிறக் கோழி இனத்தை வைத்து இதைக் காட்டிவிட்டார்கள். மூன்று தலைமுறை அல்ல, முந்நூறு தலைமுறை பொறுக்கினாலும் நான்கில் ஒன்று கறுப்புத்தான்.

படுவான்கரைப் பண்ணை (கொக்கட்டிச்சோலை):
மாஸ்டர், நீங்கள் படிப்பித்த காலத்தில் உங்கள் சொல்லை மறுத்துப் பேச யாரும் இருக்கவில்லை. இப்போது நானும் கோழி வளர்க்கிறேன், எனக்கும் கண் இருக்கிறது. சென்ற தை மாதம் அடை வைத்த பேடு 9 குஞ்சு பொரித்தது. ஒன்பதும் நீலச் சாம்பல். கறுப்பு ஒன்றுகூட இல்லை, தெறிப்பும் இல்லை. கேம்பிரிட்ஜில் என்ன நடந்தது என்பதை விட என் கூட்டில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

வாவிக்கரையான்:
தாயும் தந்தையும் நீலமாக இருந்து ஒன்பது குஞ்சும் நீலமாக வருவதற்கு 512இல் ஒரு வாய்ப்பே உண்டு. கறுப்பையும் தெறிப்பையும் சேர்த்தால் மட்டும்தான் எல்லாக் குஞ்சும் நீலமாக வரும். அந்தச் சேர்க்கையைச் செய்துவிட்டு, நீலத்தை நிலைப்படுத்தியதாகச் சொல்லி முட்டை விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். அவர்களுடைய கூட்டில் அடுத்த வருடம் கறுப்புப் பொரிக்கும்போது யார் பதில் சொல்வது?

படுவான்கரைப் பண்ணை:
ஏமாற்று என்ற சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். என்னிடம் தெறிப்புக் கோழி ஒருநாளும் இருந்ததில்லை. தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். ஏறாவூர்ச் சந்தையில் ஒரு சாம்பல் பேடு வாங்கினேன். அதைக் கறுப்புச் சேவலோடு விட்டேன். பொரித்த 11 குஞ்சும் கறுப்பு. சாம்பல் போய்விட்டதென்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், கறிக்கு அறுக்கவும் கேட்டார்கள். நான் விடவில்லை. அந்தக் கறுப்புகளைத் தமக்குள்ளேயே சேர விட்டேன். சில குஞ்சுகள் சாம்பலாக வந்தன. அந்தச் சாம்பல்களைப் பொறுக்கி ஒன்றோடொன்று சேர்த்தேன். அன்றிலிருந்து இன்றுவரை கறுப்பு வரவில்லை. இதற்காக எத்தனை இரவு மரநாய்க்குக் காவல் இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

நிந்தவூர்த் தோட்டம்:
மாஸ்டர், அண்ணன், இருவரும் ஒரு நிமிடம் பொறுங்கள். நீங்கள் பேசுவது இரண்டு வெவ்வேறு நிறங்களாக இருக்கலாம். நீல அலகுள்ள பேட்டைக் கறுப்புச் சேவலோடு விட்டால் முதல் பொரிப்பிலேயே பாதி நீலமாக வந்திருக்க வேண்டும். பதினொன்றும் கறுப்பாக வர, மாஸ்டரின் கணக்குப்படியே 2048இல் ஒரு வாய்ப்புத்தான். ஆனால் லவெண்டர் என்று ஒரு சாம்பல் உண்டு. அது பின்னிடைவான அலகு. கறுப்போடு சேர்த்தால் முதல் தலைமுறையில் முழுதாக மறையும், அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்றாகத் தலைகாட்டும், பிறகு சாம்பலோடு சாம்பல் சேர்ந்தால் மாறாமல் நிலைக்கும். அண்ணன் சொன்ன வரலாறு அப்படியே இதுதான்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கோழியின் இறகு முழுவதும் ஒரே சீரான வெளிர் சாம்பலா, அல்லது விளிம்பில் கருங்கோடு தெரிகிறதா? வால் இறகு நுனியில் நைந்து போகிறதா? சீரான சாம்பலும் நைந்த வாலும் லவெண்டரின் அடையாளம், கருங்கோடு நீலத்தின் அடையாளம். நீலமென்றால் எது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசினால் இருவருக்கும் நல்லது.

வாவிக்கரையான்:
தங்கச்சி, லவெண்டரை இங்கே கொண்டுவர வேண்டாம். அவர் எழுதியது நீலம், நானும் நீலத்தைப் பற்றியே கேட்கிறேன். பதினொரு குஞ்சை அன்று எண்ணியவர் யார்? பருந்து தூக்கியது எத்தனை, கீரி பிடித்தது எத்தனை? எண்ணாத குஞ்சுக்குக் கணக்குப் போட முடியாது. நீலத்தை நீலத்தோடு சேர்த்தால் நான்கில் ஒன்று கறுப்பு.

படுவான்கரைப் பண்ணை:
எனக்கும் அந்தப் பெயர் வேண்டாம். என் தாயார் இந்த நிறத்தை நீலச் சாம்பல் என்றே சொன்னார். படுவான்கரையில் பொரித்த கோழிக்கு எங்கோ பூக்கும் பூவின் பெயரை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். வால் இறகு நைவது மாரிகாலச் சேற்றினால். என் கோழி நீலம், ஒன்பதும் நீலம்.

தம்பிலுவில் பெரியவர்:
பிள்ளைகளே, நானும் ஐம்பது வருடம் கோழி வளர்த்தவன். இந்த நிறப் பைத்தியம் எனக்கு வேதனை தருகிறது. ஊர்க்கோழியின் பெருமை அதன் நிறத்தில் இல்லை. தானாக அடைக்கு இருக்கும், குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயும், வானத்தில் நிழல் தெரிந்தவுடன் குரல் கொடுக்கும். சருகு நிறப் பேடு பற்றைக்குள் அடை இருந்தால் இரண்டடி தூரத்தில் நிற்கும் மனிதனுக்கே தெரியாது. உங்கள் சாம்பல் பேட்டைப் பருந்து வாவியின் மறுகரையிலிருந்தே பார்த்துவிடும். அண்ணனையும் தங்கையையும், அப்பனையும் மகளையும் சேர்த்து நிறம் எடுத்தால், பொரிப்பும் குறையும், குஞ்சின் உறுதியும் குறையும். நிறம் கிடைக்கும், கோழி போய்விடும்.

படுவான்கரைப் பண்ணை:
ஐயா, உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் நிறத்தை மாற்றினால் இனம் அழியும் என்பதை ஏற்க மாட்டேன். இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் வில்லியம் குக் என்பவர் 1886இல் கறுப்பு ஓர்பிங்டன் என்ற கோழி இனத்தை உருவாக்கினார். 1894இல் பொன்மஞ்சள் நிற ஓர்பிங்டனைக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுவதும் அதை வளர்க்கிறார்கள். புதிய நிறம் அந்த இனத்திற்குப் புகழைத்தான் தந்தது. நம் ஊர்க்கோழிக்கு மட்டும் ஏன் அந்தப் புகழ் கிடைக்கக் கூடாது?

தம்பிலுவில் பெரியவர்:
மகன், அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். கறுப்பு ஓர்பிங்டன் மினோர்க்கா, லாங்ஷான், பிளிமத் ரொக் ஆகிய கோழி இனங்களிலிருந்து வந்தது. பொன்மஞ்சள் ஓர்பிங்டனோ ஹம்பேர்க், டோர்கிங், கொச்சின் ஆகியவற்றிலிருந்து வந்தது. இரண்டுக்கும் பொதுவான தாயும் இல்லை, தந்தையும் இல்லை. லிங்கன்ஷயரில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் கோழிக்கே புதுப்பெயர் வைத்துவிட்டார் என்று அந்நாட்டவர்களே அவரோடு சண்டையிட்டார்கள். பெயர் நிலைத்தது, உள்ளே இருந்த கோழி மாறியது. நான் அஞ்சுவது அதற்குத்தான். ஏறாவூர்ச் சந்தையில் வாங்கிய அந்தப் பேடு ஊர்க்கோழிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

வாவிக்கரையான்:
ஐயா கேட்பது சரியான கேள்வி. அதோடு இன்னொன்றையும் நான் கேட்க வேண்டும். அந்தக் கறுப்புச் சேவல் எங்கிருந்து வந்தது என்பதைத் தம்பி எழுதவில்லை. அது என்னுடையது. கொரோனா முடக்கத்திற்கு முந்திய வருடம், ஒரு பருவத்திற்கு மட்டும் என்று சொல்லி என் முற்றத்திலிருந்து கொண்டுபோன சேவல் அது. திரும்பி வரவில்லை. கால் கறுப்பு, கண் கறுப்பு, கழுத்தில் பச்சை மினுக்கம், ஒரு செவ்விறகுகூட இல்லாத சேவல். அப்படி ஒன்றை எடுக்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது. இன்று அவர் விற்கும் ஒவ்வொரு முட்டையிலும் என் சேவலின் இரத்தம் இருக்கிறது. என் பெயர் எங்கேயும் இல்லை.

படுவான்கரைப் பண்ணை:
அந்தச் சேவல் வருத்தம் வந்து செத்தது. அந்த மாரியில் எங்கள் ஊரில் எல்லோருடைய கூடும் வெறுமையாயிற்று. அன்றே ஆளனுப்பிச் சொன்னேன். அதற்குப் பதிலாக இரண்டு விடலைச் சேவல் தருகிறேன் என்றேன், நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். இத்தனை பேர் முன்னிலையில் அதை இழுப்பது உங்கள் வயதுக்கு அழகில்லை.

வாவிக்கரையான்:
நீங்கள் தருவதாகச் சொன்ன இரண்டும் சிவப்புக் கழுத்துச் சேவல்கள். கறுப்புக்குக் கறுப்புத்தான் ஈடு.

நிந்தவூர்த் தோட்டம்:
மாஸ்டரிடம் இப்போதும் கறுப்புச் சேவல் இருக்கிறது. அண்ணனின் சாம்பல் பேடு ஒன்றை அதோடு ஒரு மாதம் விட்டால் போதும். குஞ்சு பாதி சாம்பலாக வந்தால் அது நீலம்; முழுவதும் கறுப்பாக வந்தால் லவெண்டர். ஒரே ஓர் அடையில் விடை கிடைக்கும். பேட்டை ஏற்றி இறக்கும் செலவை நானே தருகிறேன்.

படுவான்கரைப் பண்ணை:
என் பேடு மாஸ்டரின் முற்றத்திற்குப் போகாது. அவர் வேண்டுமானால் சேவலைக் கொண்டுவரட்டும்.

வாவிக்கரையான்:
ஒருமுறை கொடுத்த சேவலே வரவில்லை. இன்னொன்றைக் கொடுக்க நான் தயாராக இல்லை. நிரூபிக்க வேண்டியது எனது பொறுப்பும் அல்ல. நிலைத்துவிட்டது என்று அறிவித்தவர் அவர்.

படுவான்கரைப் பண்ணை:
நேற்று 12 முட்டை அடை வைத்திருக்கிறேன். தாயும் நீலம், தந்தையும் நீலம். இருபத்தொன்றாம் நாள் எல்லாக் குஞ்சையும் ஒரு கடகத்தில் வைத்துப் படம் போடுகிறேன். அதில் ஒரு கறுப்பைக் காட்டுங்கள்.

வாவிக்கரையான்:
கடகத்தில் வைக்காத குஞ்சு படத்தில் தெரியாது. பன்னிரண்டு முட்டையின் ஓட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும், பொரிக்காத கூழ் முட்டையையும் காட்ட வேண்டும். நீலத்தை நீலத்தோடு சேர்த்தால் நான்கில் ஒன்று கறுப்பு. இருபத்தொரு நாளும் நான் இங்கேயே இருப்பேன். அதற்குள் அந்தச் சேவலுக்கும் ஒரு பதில் வரட்டும்.