தினமும் 3 குவார்ட்டர்: வீட்டில் வைத்தே நிறுத்தலாமா, அட்மிட் செய்யணுமா?

முல்லைக்கொடி:
அக்கா வீட்டுக்காரருக்கு 44 வயது. ஆறேழு வருடமாகத் தினமும் 3 குவார்ட்டர். காலையில் கொஞ்சம் ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்கிறது. போன தடவை தானாக நிறுத்தினபோது இரண்டாம் நாள் ஃபிட்ஸ் வந்தது. இப்போது அவரே விட்டுவிடுகிறேன் என்கிறார். ஓபியில் காட்டி மாத்திரை வாங்கி வீட்டில் பார்க்கலாமா, இல்லை மறுவாழ்வு மையமா? பையனுக்கு 16, கஞ்சா. இரண்டு பேரையும் ஒரே மையத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

நைட்டூட்டி:
முன்னால் ஃபிட்ஸ் வந்திருக்கிறது என்றால் வீட்டில் வேண்டாம், மேலே யோசிக்கவே வேண்டியதில்லை. 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் 60 கிராம் சுமார். அவருக்கு நாளைக்கு 180 கிராம். கடைசியாகக் குடித்து 6–8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி. 48 மணி நேரத்துக்குள் ஃபிட்ஸ். 48க்கு மேல், 96க்குள் குழப்பம்: சுவரில் பூச்சி ஊருகிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், பகலா இரவா தெரியாது. காய்ச்சலும் படபடப்பும் சேரும். 'காத்து கருப்பு' என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. அட்மிஷன் கிடைக்கும்வரை அவராகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. சோர்ந்து கிடக்கிறார் என்று பக்கத்து கிளினிக்கில் முதல் வேலையாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். வருடக்கணக்கில் குடித்தவர் உடம்பில் தயமின் (பி1) வற்றியிருக்கும். அது போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து, கண் ஆட்டம், தள்ளாட்டம், மறதி என்று மூளை பாதிக்கலாம். தயமின் ஊசி போட்டாச்சா என்று கேளுங்கள், டாக்டர் கோபித்தாலும் பரவாயில்லை. மஞ்சள்காமாலை வந்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடுக்கத்தையும் ஃபிட்ஸையும் தடுக்க வழக்கமாகத் தரும் குளோர்டயசிபாக்சைடு மாத்திரைக்குப் பதில் லோரசிபாம் கொடுப்பார்கள்.

ஓபி யாருக்குச் சரி என்றால், ஃபிட்ஸோ குழப்பமோ வந்ததே இல்லை, ஈரல் பரவாயில்லை, மாத்திரையைக் கையில் வைத்துக் கணக்காகக் கொடுக்க வீட்டில் ஆள் உண்டு என்கிறவர்களுக்கு. அந்த மாத்திரையின் மேலேயே குடித்தால் மூச்சு அடங்கிவிடும்.

சட்டப்புள்ளி:
சேர்க்கும் முன் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவானதா என்று சான்றிதழைப் பார்க்கக் கேளுங்கள். குடி, போதையால் வரும் மனநிலைச் சிக்கல்களும் 2017 மனநலச் சட்டத்துக்குள் வருகின்றன. சம்மதத்தோடு வருகிறவர் சுயமாகச் சேரலாம், 86ஆம் பிரிவு. முடிவெடுக்க முடியாத நிலையில் மட்டும் 89ஆம் பிரிவு, அதுவும் முதலில் 30 நாள் வரைதான், மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்த பிறகு. வேனில் ஆள் அனுப்பித் தூக்கி வருகிறோம் என்று எந்த மையம் சொன்னாலும் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். சங்கிலியில் கட்டுவதை 95ஆம் பிரிவு தடை செய்கிறது. ராத்திரி நர்ஸ் யார், ஃபிட்ஸ் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, இந்த இரண்டு கேள்விக்கும் மழுப்பினால் அது வெறும் விடுதி.

கவுன்சலிங்மேசை:
பையனை அப்பாவோடு ஒரே வார்டில் சேர்க்கவே கூடாது. 18க்குக் கீழ் என்றால் பெரியவர்களிடமிருந்து தனி இடம், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே தங்க வேண்டும், இது 87ஆம் பிரிவு. அதோடு, கஞ்சா மட்டும் என்றால் பெரும்பாலும் அட்மிஷனே தேவைப்படாது. நிறுத்திய முதல் வாரம் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை இருக்கும், இரண்டு வாரத்தில் தணியும். அதற்கென்று தனி மருந்து கிடையாது. வாராவாரம் ஓபி, அதில் பாதி நேரம் பெற்றோருக்கு. தினமும் புகைத்தவனுக்கு விட்ட பிறகும் மூன்று நான்கு வாரம்கூட யூரின் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டலாம். அதை வைத்து 'பொய் சொல்றான்' என்று அடித்துவிடாதீர்கள்.

ஆனால் டபென்டடால் போன்ற வலி மாத்திரையும் கலந்திருக்கிறதா என்று தனியாக, திட்டாமல் கேளுங்கள். மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறவர்களும் உண்டு, முழங்கை மடிப்பில் தழும்பு பாருங்கள். இருந்தால் கணக்கே வேறு: விட்டு ஒரு மாதம் கழித்துப் பழைய அளவைப் போட்டால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய வாரங்கள்தான் ஆபத்து.

முல்லைக்கொடி:
நன்றி. குழம்பில் கலந்து கொடுக்கிற பவுடர் இருக்கிறதாம், அக்கா மாமியார் வாங்கி வைத்திருக்கிறார். டிஸ்சார்ஜ் ஆனதும் அது போதுமா?

நைட்டூட்டி:
குப்பையில் போடச் சொல்லுங்கள். அதில் டைசல்ஃபிராம் இருக்கலாம், அதாவது மதுவை உடம்பு ஏற்காதபடி செய்கிற மருந்து. தெரியாமல் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, பிரஷர் இறங்கி, இதயம் பலவீனமானவர் போய்ச் சேரலாம். அவர் அறிந்து, கையெழுத்துப் போட்டு, ஈரலும் இசிஜியும் பார்த்த பிறகு, கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் விட்டு டாக்டர் தொடங்க வேண்டிய மருந்து அது. நிறுத்தினாலும் 14 நாள் வரை வேலை செய்யும். ஆல்கஹால் கலந்த இருமல் சிரப், அரிஷ்டம், ஆஃப்டர்ஷேவ்கூட ஒத்துக்கொள்ளாது. குடிக்கும் ஏக்கம் குறைய நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு. அட்மிட் ஆகிற அன்றே டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் ஓபி தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே சேர்ப்பது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446, இலவசம்.