“கொஞ்சம் என்ஜினை அணைச்சிடுங்க” – சொன்னவர்களும் கேட்டவர்களும்

பள்ளி வாசலில் நிற்பவர்

பள்ளி விடுவதற்கு ரொம்ப முன்னாடியே வந்து வரிசை கட்டும் வண்டிகளில் பாதி, என்ஜின் ஓடியபடியேதான் நிற்கும். ஏசி வேண்டும், பாட்டு வேண்டும், போன் சார்ஜ் ஏற வேண்டும். நிற்கும் வண்டியில் 3 நிமிடத்துக்கு மேல் என்ஜினை ஓடவிட்டால் அபராதம் என்று எங்கள் பகுதியில் விதி வந்து வருடங்கள் ஆகின்றன. வாசலில் பலகையும் உண்டு. அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் ஒரு வேன் தினமும் உறுமிக்கொண்டு நிற்கும்.

பெற்றோர் சிலர் முறை வைத்து வாசலில் நின்று, அணைக்கச் சொல்லிக் கேட்கிறோம். அபராதம் போடும் அதிகாரமெல்லாம் எங்களுக்குக் கிடையாது, கேட்க மட்டும்தான் முடியும். கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “இங்கே இப்படி நிறுத்தக்கூடாது, தெரியுமா?” என்று ஆரம்பித்தால் “நீ யார் அதைச் சொல்ல?” என்றுதான் பதில் வரும். “பசங்க வெளியே வர்ற நேரம், கொஞ்சம் அணைச்சிடுறீங்களா?” என்றால் பெரும்பாலும் பேச்சே இல்லாமல் சாவியைத் திருகிவிடுகிறார்கள். விதி என்ற சொல்லையே எடுக்க வேண்டியிருப்பதில்லை.

ஒரு பெரியவர் மட்டும் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, “இந்த வெயில்ல ஏசி இல்லாம எப்படிம்மா உட்கார்றது?” என்றார். நியாயமான கேள்வி. எதிர்ப்பக்கம் மரநிழலில் இடம் காலியாக இருந்தது, காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். மறுநாள் நான் வருவதற்குள் அதே நிழலில் நான்கு கதவையும் திறந்து போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பதிலே சொல்லாமல் போனை எடுத்து என்னைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். நான் நகர்ந்துவிட்டேன். அந்த மாதிரி ஆளிடம் இரண்டாம் முறை கேட்பதில் பயனில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று கேட்பவர்கள், ஒரு தடவை ஓடுகிற வண்டியின் பின்னால் குழந்தை உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நமக்கு முழங்கால் மட்டத்தில் வருகிற புகை, தள்ளுவண்டியில் இருக்கிற பிள்ளைக்கு முகத்துக்கு நேராக வரும். டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதிசெய்து முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

கேட்டவர்கள், கேட்கப்பட்டவர்கள், அபராதம் கட்டியவர்கள் யாரானாலும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.


குளிர்பதன லாரி ஓட்டுநர்

என்னையும் தட்டியிருக்காங்க. நான் சரக்கு இறக்கிட்டு கேபின்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், ஒரு தம்பி ரோட்டோரமா நின்னு போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே இருக்கார். இறங்கிப் போய் “என்ன தம்பி?”ன்னு கேட்டேன். “ரொம்ப நேரமா என்ஜின் ஓடுது சார், விதி மீறல்”னார். சாவியை பாக்கெட்ல இருந்து எடுத்துக் காட்டினேன். அவருக்கு ஒண்ணும் புரியலை. காதுல விழற சத்தம் வண்டி என்ஜின் இல்லைங்க, பொட்டிக்கு முன்னாடி, கேபினுக்கு மேலே மாட்டியிருக்கிற கூலிங் யூனிட். அதுக்குத் தனியா ஒரு சின்ன டீசல் என்ஜின் உண்டு. அதை அணைச்சா உள்ளே இருக்கிற மருந்தோ மீனோ கெட்டுப்போகும். பல ஊர் விதிகள்ல இந்த மாதிரி வேலைக்கு ஓடுற இயந்திரத்துக்கு விலக்கு இருக்கு. கான்கிரீட் கலக்குற லாரிக்கும் அப்படித்தான், டிரம் சுத்தணும்னா என்ஜின் ஓடியே ஆகணும். தம்பி நல்ல பையன், வீடியோவை என் எதிர்லயே அழிச்சார்.

ஆனா இன்னொரு பக்கமும் சொல்லணும். கிடங்கு வாசல்ல “காத்திருங்க, கூப்பிடுறோம்”னு சொல்லி ராத்திரி முழுக்க நிக்க வைப்பாங்க. தூங்கணும், கேபின் அடுப்பு மாதிரி கொதிக்குது. என்ஜினை ஓடவிட்டாத்தான் ஏசி. பெரிய லாரின்னா சும்மா நிக்கிறதுக்கே மணிக்கு 3 லிட்டர் டீசல் குடிக்கும். பேட்டரில ஓடுற கேபின் ஏசி இருக்கு, நிறுத்தியிருக்கும்போது மட்டும் ஓடுற சின்ன துணை என்ஜினும் வருது. மாட்டித்தர வேண்டியது முதலாளி. அபராதச் சீட்டை நீட்டுறது டிரைவர்கிட்ட. காக்க வைக்கிற கிடங்குக்கு ஒரு சீட்டும் கிடையாது. விதி எழுதுறவங்க அந்தக் கிடங்கு வாசலுக்கு ஒரு ராத்திரி வந்து பார்க்கணும்.


மெக்கானிக்

“அணைச்சு அணைச்சுப் போட்டா பெட்ரோல் அதிகமாகும்” என்று இன்றைக்கும் என்னிடம் வாதாடுகிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் 10 விநாடிக்கு மேல் நிற்கப்போகிறீர்கள் என்றால் அணைப்பதுதான் மிச்சம். அமெரிக்க எரிசக்தித் துறையும் இதையேதான் சொல்கிறது. சின்ன கார்கூட ஏசி போடாமல் சும்மா ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏசி போட்டால் இன்னும் கூடும்.

டீசல் வண்டிக்காரர்கள் இதையும் கேளுங்கள். வேலையில்லாமல் ஓடும்போது என்ஜின் போதுமான சூட்டுக்கு வராது, டீசல் முழுசாக எரியாது, கரி சேரும். சைலன்சர் வரிசையில் இருக்கும், புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் டீபிஎஃப் ஃபில்டர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளச் சூடு வேண்டும், அதுவும் கிடைக்காது. ஃபில்டர் அடைத்துப்போய் விளக்கு எரிய வரும் வண்டிகளில், “தினமும் எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே ஓடுது?” என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

ஒரு விலக்கு: டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குக் கூடுதல் காற்றை ஊட்டும் கருவி) உள்ள வண்டியில் மேட்டில் பாரம் ஏற்றி இழுத்து வந்து நின்றால், ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்லது. கடைக்குப் போய்த் திரும்பிய வண்டிக்கு அது தேவையில்லை. “டர்போ சார்” என்று பத்து நிமிடம் ஓடவிடுவது வெறும் சாக்கு.


அமலாக்கப் பிரிவில் வேலை பார்த்தவர்

நான் இந்த விதிக்காகவே தெருவில் நடந்தவன். “நாள் முழுக்கச் சுத்தி எத்தனை சீட்டு கிழிச்சீங்க?” என்று கேட்பார்கள். பல நாள் ஒன்றுகூட இல்லை. எங்கள் விதியில் முதலில் அணைக்கச் சொல்ல வேண்டும், மறுத்தால்தான் சீட்டு. இங்கிலாந்திலும் 2002-இல் வந்த ஒழுங்குமுறை அப்படித்தான், அதிகாரம் பெற்றவர் சொல்லியும் அணைக்காவிட்டால்தான் 20 பவுண்டு. சொன்னதும் அணைத்துவிட்டால் அபராதத்துக்கு வேலையே இல்லை. இதை வைத்துத்தான் “பல்லில்லாத சட்டம்” என்று கேலி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் தட்டிய கண்ணாடிகளில் மறுத்தவர்கள் அபூர்வம். சீட்டு எழுதவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

சிக்கல் நிமிடக் கணக்கில்தான். 3 நிமிடம் என்றால், நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பது தெரிந்ததும் வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்துவார்கள். “இப்பத்தானே நின்னேன்!” கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. ஹாங்காங்கில் 2011 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் இந்தத் தந்திரத்துக்கு இடம் தராமல் எழுதப்பட்டிருக்கிறது. எந்த 60 நிமிடத்தை எடுத்தாலும் மொத்தம் 3 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, மீறினால் 320 ஹாங்காங் டாலர். டொரண்டோவில் அந்த 60 நிமிடத்துக்கு ஒரே நிமிடம்தான். ஹாங்காங் சட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறு: கடும் வெப்ப எச்சரிக்கையோ பெருமழை எச்சரிக்கையோ அமலில் இருக்கும்போது விலக்கு. லாரிக்காரர் சொன்ன கொதிப்பை யாரோ யோசித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் நிமிடக் கணக்கே இல்லை, தேவையில்லாமல் ஓடவிடக்கூடாது, அவ்வளவுதான். எது தேவை என்று தெருவில் நின்று வாதாட என்னால் முடியாது சாமி.

இன்னொன்று. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பழுது பார்க்கப்படும் வண்டி இவற்றிடம் போய் நிற்காதீர்கள். சிக்னலிலும் நெரிசலிலும் நிற்கும் வண்டிகளுக்கும் இந்த மாதிரி விதிகள் பொதுவாகப் பொருந்தாது. அங்கே அணைக்கச் சொல்வது வேண்டுகோள் மட்டும்தான். டெல்லியில் 2020 அக்டோபரில் சிவப்பு விளக்கில் வண்டியை அணைக்கச் சொல்லி நடத்திய இயக்கமும் வேண்டுகோளாகத்தான் வந்தது.


முதல் மாடியில் குடியிருப்பவர்

என் ஜன்னலுக்குக் கீழே டாக்ஸி நிறுத்தம். அம்மாவுக்கு ஆஸ்துமா. விடியற்காலையில் என்ஜின் சத்தம் கேட்டதும் எழுந்து ஜன்னலைச் சாத்துவது எனக்குப் பழகிவிட்டது.

நியூயார்க்கில் பொதுமக்களே வீடியோ எடுத்துப் புகார் செய்யலாம், வசூலாகும் அபராதத்தில் 25 சதவீதம் புகார் கொடுத்தவருக்கு என்று படித்தபோது கை துறுதுறுத்தது உண்மை. லாரி, பேருந்துகளுக்கு மட்டும்தான் அது. 3 நிமிடத்துக்கு மேல் ஓடுவது வீடியோவில் தெரிய வேண்டும், பள்ளிக்கு அருகே என்றால் 1 நிமிடத்துக்கு மேல். 350 டாலர் அபராதத்தில் பங்கு 87.50 டாலர். அதையே தொழிலாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் எனக்கு அது ஒத்துவராது. இந்த நிறுத்தத்து டிரைவர்களைத் தினமும் பார்க்கிறேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அவர்களில் ஒருவர்தான். கேமராவோடு நின்றால் அந்த உறவு போச்சு. கீழே இறங்கிப் போய், “அண்ணே, அம்மாவுக்கு மூச்சு இழுக்குது, ஜன்னலுக்கு நேரா நிக்கிற வண்டி மட்டும் அணைச்சிருக்கட்டும்” என்று கேட்டேன். இப்போது வரிசையில் அந்த இடத்துக்கு வருகிற வண்டி அணைந்துவிடுகிறது. புதிதாக யாராவது வந்து ஓடவிட்டால் பின்னால் இருப்பவரே ஹாரன் அடிக்கிறார். அந்த ஹாரனுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை!


குளிர்பதன லாரி ஓட்டுநர்

வீடியோ எடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரில கேபினுக்குள்ள தூங்குறவன், திடீர்னு ஜன்னல்ல வெளிச்சம் அடிச்சா திருடன்னுதான் நினைப்பான். எதிர்ப்பக்கமா, டிரைவர் கண்ணுல படுற மாதிரி வந்து கூப்பிடுங்க. பின்னாடியிருந்து வந்து பாடியைத் தட்டாதீங்க.


பள்ளி வாசலில் நிற்பவர்

நல்ல யோசனை, எங்கள் ஆட்களுக்கும் சொல்லிவிட்டேன். நாங்களும் யாருடைய நம்பர் பிளேட்டையும் படம் எடுப்பதில்லை.

பலகைக்குக் கீழே உறுமிக்கொண்டு நின்ற அந்த வேன் என்ன ஆனது என்று தனியாகக் கேட்டிருந்தவருக்கு: டிரைவரிடம் பேசினேன். பேட்டரி செத்துப்போயிருக்கிறதாம், அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, தள்ள ஆளில்லை, பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்க முடியாது என்றார். முதலாளியிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாராம். அந்த வேனில் போகும் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து முதலாளியிடம் பேசினார்கள். அடுத்த வாரமே பேட்டரி மாறியது. விதியைக் காட்டி நாங்கள் அந்த டிரைவரோடு மாசக்கணக்கில் சண்டை போட்டிருக்கலாம், பேட்டரி மாறியிருக்காது.

மழை நாளில் கேட்பீர்களா என்றால், கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும் வண்டியிடம் கேட்பதில்லை. வெளியே தெரியாமல் பள்ளி வாசலில் வண்டியை எடுப்பது புகையைவிடப் பெரிய ஆபத்து. கண்ணாடி தெளிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் குடையோடு போய்த் தட்டுவோம்.