உதவி: மாஸ்டர் பிளானில் விவசாய உபயோகம் என்று வீட்டு வரைபடம் திரும்பி வந்துவிட்டது. லேண்ட் யூஸ் மாற்றித்தான் ஆகணுமா?

கிழக்குமனை:
வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி எல்லைக்குள் 8 சென்ட், 58 அடிக்கு 60 அடி. கிரயம் 1998. தரைத்தளம் மட்டும் வீடு கட்ட ஆன்லைனில் விண்ணப்பித்தேன். இரண்டு குறிப்புகளோடு திருப்பிவிட்டார்கள்.
ஒன்று, புல எண் 214/3 முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான், ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வகுப்பது) விவசாய உபயோகப் பகுதி. இரண்டு, மனைக்கு முன்னால் இருக்கும் 20 அடித் தெரு விரிவு வளர்ச்சித் திட்டத்தில் (ஒரு பகுதிக்கு மட்டும் ரோடு வரை விவரமாகப் போடும் திட்டம்) 40 அடி ரோடாகக் காட்டப்பட்டிருப்பதால் அந்தப் பகுதியைத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும்.
சுற்றிலும் வீடுகள்தான். பக்கத்து மனைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. பட்டாவில் புஞ்சை என்று இருக்கிறது, அதை "மனை" என்று மாற்றினால் போதும் என்கிறார் வரைபடம் போட்டவர். லேண்ட் யூஸ் மாற்றத்துக்கே விண்ணப்பிக்கச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி?

அளவுச்சங்கிலி:
பட்டாவை மாற்றினால் போதும் என்பது தவறு சார். நஞ்சை, புஞ்சை, மனை என்பதெல்லாம் வருவாய்த்துறையின் வகைப்பாடு. மாஸ்டர் பிளான் பகுதி என்பது 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பட்டாவில் மனை என்று இருந்தும் திட்டத்தில் விவசாயமாக இருக்கும் நிலமும் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. 47-ம் பிரிவுப்படி வரைபட அனுமதிக்குத் திட்டத்தில் உள்ளதுதான் கணக்கு.

லேண்ட் யூஸ் மாற்றத்துக்கு இப்போதே போகாதீர்கள். திரும்பி வந்த கடிதத்தில் உள்ள எண் முதலில் சரியா என்று பார்க்க வேண்டும். நகராட்சிக்குள் இருக்கிறீர்கள் என்றால் டவுன் சர்வே முடிந்து வார்டு, பிளாக், டி.எஸ். எண் வந்திருக்கும். பழைய மாஸ்டர் பிளான் அட்டவணையில் இருப்பதோ பழைய புல எண். இரண்டையும் பொருத்தும்போதுதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகல் எடுங்கள், அதில் பழைய புல எண்ணுக்குத் தனிப் பத்தி இருக்கும். கிரயப் பத்திரத்தில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கிழக்குமனை:
டி.எஸ்.எல்.ஆர். எடுத்தேன். பழைய எண் 214/3 பகுதி என்றே இருக்கிறது. பத்திரத்திலும் அதே. ஆக எண் சரி. ஆனால் மாஸ்டர் பிளான் புத்தகத்தின் நில உபயோக அட்டவணையில் "214 பகுதி" என்று குடியிருப்பிலும் இருக்கிறது, விவசாயத்திலும் இருக்கிறது. என் மனை எந்தப் பகுதியில் என்று எப்படிச் சொல்வது?

கோட்டுப்படம்:
இதுதான் உங்கள் முழுப் பிரச்சினையும். ஒரே புல எண்ணைக் கோடு இரண்டாகப் பிரித்திருக்கிறது. அட்டவணையைப் பார்த்தவர் விவசாயம் என்ற வரியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

படத்தைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். படம் 1:10,000 அளவில் இருந்தால் 1 மி.மீ. என்பது தரையில் 10 மீட்டர். உங்கள் 58 அடி என்பது 17.7 மீட்டர், படத்தில் 2 மி.மீ. கூட வராது. பகுதியைப் பிரிக்கும் கோட்டின் தடிமனே அரை மி.மீ. என்றால் அங்கேயே 5 மீட்டர் போய்விட்டது. ஜெராக்ஸ் எடுத்த நகலில் இழுவையும் சேரும். அதனால் 214-ன் எப்.எம்.பி.யை (சர்வே துறையின் புல அளவு வரைபடம்) எடுத்து, மாஸ்டர் பிளான் படத்தில் மாறாமல் இருக்கும் மூன்று நான்கு புள்ளிகளோடு (முச்சந்திக் கல், வாய்க்கால் வளைவு, பக்கத்துப் புல எண்களின் எல்லைச் சந்திப்பு) பொருத்தி, பிரிக்கும் கோடு எந்த உட்பிரிவு வழியாகப் போகிறது என்று உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து ஒரு கூட்டு வரைபடம் போடுங்கள். மொபைலில் எடுத்த சாட்டிலைட் படத்தின் மேல் கோடு போட்டுக் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள்.

பக்கத்து மனை அனுமதிக் கடிதத்தின் "பார்வை" பகுதியையும் (முந்தைய கடிதங்கள், ஆணைகளின் எண்கள் வரும் இடம்) கேட்டு வாங்கிப் பாருங்கள். 214-க்கு ஏற்கெனவே அதே 1971 சட்டத்தின் 32(4)-ன் கீழ் (மாஸ்டர் பிளானைத் திருத்தும் பிரிவு) மாறுதல் செய்து அரசிதழில் வந்திருந்தால் அந்த எண் அங்கே இருக்கும். மாறுதல் வந்தது பழைய அட்டவணையில் ஏறாமலே கிடப்பது சகஜம்.

சட்டப்பையன்:
மேலே சொன்னதோடு ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டுவிடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். ஏன், எதற்கு என்று கேட்காமல் ஆவணமாகக் கேளுங்கள்: பழைய புல எண் 214 வரும் நில உபயோக அட்டவணைப் பக்கங்கள், அந்த இடத்து வரைபடத் தாள், 214-க்கு 32 அல்லது 33-ம் பிரிவின் கீழ் (33 விரிவு வளர்ச்சித் திட்டத்தைத் திருத்துவது) வந்த மாறுதல்கள், எல்லாம் சான்றிட்ட நகலாக. உள்ளூர் திட்டக் குழுமத்துக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ஆர்.டி.ஐ. சட்டம் 19(1)-ன் கீழ் முதல் மேல்முறையீடு.

அதே மனுவில் ரோடு பற்றியும் சேருங்கள். விரிவு வளர்ச்சித் திட்டத்துக்கு 1971 சட்டத்தின் 27-ம் பிரிவு அறிவிப்பு (திட்டம் தயாரானது பற்றியது) வெளிவந்த அரசிதழ் நாள் என்ன, உங்கள் புல எண்ணுக்கு 37(2) அறிவிப்பு (நிலம் கையகப்படுத்துவது பற்றியது) வெளியிடப்பட்டதா என்று. 38-ம் பிரிவுப்படி, 27 அறிவிப்பு அரசிதழில் வந்து 3 ஆண்டுக்குள் 37(2) அறிவிப்பும் வராமல், உடன்பாட்டின் பேரில் நிலத்தை வாங்கவும் இல்லையென்றால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகவே கருதப்படும்.

கிழக்குமனை:
அப்படியானால் 38-ஐ வைத்து விவசாயப் பகுதி என்பதையும் நீக்கிவிடலாமா? திட்டம் வந்து பல வருஷம் ஆகிறதே.

சட்டப்பையன்:
முடியாது. 38 என்பது ரோடு, பூங்கா, பள்ளி போல ஒரு பொதுத் தேவைக்காக எடுக்க ஒதுக்கிய நிலத்துக்கு. விவசாயப் பகுதி என்பது ஒதுக்கீடு இல்லை, பயன்பாட்டுக் கட்டுப்பாடு. எத்தனை வருஷம் ஆனாலும் திட்டம் திருத்தப்படும் வரை நிற்கும். இந்த இரண்டையும் ஒரே மனுவில் குழப்பி எழுதி, ரோடு விஷயத்தில் இருந்த நல்ல வாதத்தையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

தானப் பத்திரம் பதியும் முன் யோசியுங்கள். இரு பக்கமும் 10 அடி என்று எடுத்தால் உங்கள் 60 அடி நீளத்தில் 600 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 1.38 சென்ட் போகும். பதிந்தபின் 38 பேசிப் பயனில்லை. அதேசமயம் இன்னொரு பக்கமும் இருக்கிறது: 20 அடித் தெருவைவிட அகலமான ரோடு பிற்பாடு மாடி கட்டுபவருக்கு லாபம்தான். கொடுப்பதா இல்லையா என்பதைக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

அளவுச்சங்கிலி:
ஒன்று விட்டுப்போச்சு. 1998-ல் வாங்கிய மனை அனுமதி பெற்ற லேஅவுட்டில் உள்ளதா? இல்லையென்றால் 20.10.2016-க்கு முன் பதிந்த அனுமதியற்ற மனை என்ற கணக்கில் 2017 வரன்முறை விதிகள் (அனுமதியற்ற மனைகளை முறைப்படுத்துபவை) வரும். லேண்ட் யூஸ் சரியாக இருந்தாலும் அந்த ஆணை இல்லாமல் வரைபடம் மறுபடி திரும்பும். லேஅவுட் எண்ணைத் தேடுங்கள்.

கிழக்குமனை:
மனை வரன்முறை ஆணை ஏற்கெனவே கையில் இருக்கிறது. சர்வேயர் போட்ட கூட்டு வரைபடத்தில் கோடு 214/3-ன் மேற்கு ஓரத்தில் போகிறது, என் மனை முழுக்கக் கிழக்கே. கிழக்கே குடியிருப்பு. இனி எப்படி எழுதுவது?

கோட்டுப்படம்:
அப்படியானால் உங்களுக்கு லேண்ட் யூஸ் மாற்றமே தேவையில்லை. கோடு மனைக்குள்ளே போயிருந்தால்தான் அந்தப் பாதை: நகர்மன்றத் தீர்மானம், நாளிதழ் அறிவிப்பு, ஆட்சேபணை, வேளாண்மை மற்றும் நீர்வளத்துறைக் கருத்து, கடைசியில் அரசிதழ். அதுவும் அ-பதிவேட்டில் (வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு) பக்கத்து நிலம் ஓடை, ஏரி உள்வாய் (ஏரியில் நீர் நிற்கும் பகுதி) என்று இருந்தால் நீர்வளத்துறையில் மாதக்கணக்கில் நிற்கும். விரிவு வளர்ச்சித் திட்டத்துக்குள்ளும் நிலம் இருந்தால் 32-க்கு ஒன்று, 33-க்கு ஒன்று என இரண்டு மாறுதல்.

கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். "பார்வையில் காணும் கடிதத்தில் புல எண் 214/3 விவசாய உபயோகம் எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. முழுமைத் திட்ட அட்டவணைப்படி புல எண் 214 பகுதி குடியிருப்பு உபயோகத்திலும் உள்ளது. இணைத்துள்ள கூட்டு வரைபடத்தின்படி எனது மனை குடியிருப்புப் பகுதிக்குள் அமைவதால், ஸ்தல ஆய்வு செய்து நில உபயோகத்தை உறுதிசெய்து வரைபடத்தை மறுபரிசீலிக்க வேண்டுகிறேன்." இணைப்பு: டி.எஸ்.எல்.ஆர்., எப்.எம்.பி., ஆர்.டி.ஐ.யில் வந்த சான்றிட்ட அட்டவணைப் பக்கம், கூட்டு வரைபடம், வரன்முறை ஆணை. கூட்டு வரைபடத்தில் சர்வேயர் கையெழுத்தும் உரிம எண்ணும் இருக்கட்டும். பட்டா, பத்திரம், எப்.எம்.பி. மூன்றிலும் பரப்பளவு ஒன்றாக வருகிறதா என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கூட்டுப் பட்டாவாக (பலர் பெயரில் ஒரே பட்டா) இருந்தால் உட்பிரிவு செய்யாமல் அனுப்பாதீர்கள்.

சட்டப்பையன்:
ரோடு விஷயத்தை இந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள், தனிக் கடிதம். அரசிதழ் நாளும் 37(2) இல்லை என்ற பதிலும் வந்தபின், 38-ஐச் சொல்லி, தானப் பத்திரக் கோரிக்கையை நீக்கவோ அல்லது காரணங்களோடு எழுத்துபூர்வ ஆணை தரவோ கேளுங்கள். அந்த ஆணை கையில் இருந்தால்தான் மேல்முறையீட்டிலோ உயர்நீதிமன்றத்திலோ எதிர்த்துப் போக முடியும். கவுன்டரில் வாய்மொழியாகச் சொல்வதை எதிர்த்து எங்கும் போக முடியாது.