மறு: கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் = கைமாறல் திரிபு?

அன்பு நண்பர்களுக்கு,

பழைய பவர் ஆம்ப்ளிஃபயர்களை (பெருக்கிகளை) பழுது பார்ப்பவர்களுக்கான கையேட்டில் மற்ற சொற்கள் ஒருவழியாக முடிந்துவிட்டன. பெருக்கியின் ஒரு பக்கம் விட்ட அலையை மறுபக்கம் எடுக்கும் இடத்தில் ஒலி கெடுகிறதே, அந்தக் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷனுக்கான தமிழ்ச் சொல் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. என் வாக்கு ‘கைமாறல் திரிபு’க்கு. இடையில் வந்த மறுப்புகளையும் எடுத்துக்கொண்டே காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> குறுக்குவெட்டுத் திரிபு என்று போட்டுவிட்டால் வேலை முடிந்ததே?

முடியாது. குறுக்குவெட்டு என்றதும் கம்பியைக் குறுக்கே அறுத்த முகம்தான் நினைவுக்கு வரும். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு என்று பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள். பெருக்கியைத் திறந்து வைத்திருப்பவர் எந்தக் கம்பியை அளக்கச் சொல்கிறார்கள் என்று தேடுவார்.

அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பழைய டிரான்சிஸ்டர் பெருக்கிகள் பெரும்பாலானவற்றின் வெளியீட்டில் இரண்டு பக்கம் உண்டு. அலையின் மேல் பாதியை ஒரு பக்கம் தள்ளும், கீழ்ப் பாதியை மறுபக்கம் இழுக்கும். சிலிக்கான் டிரான்சிஸ்டர் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஏறத்தாழ 0.6 வோல்ட் வந்தால்தான் விழிக்கும். அதை முன்கூட்டியே விழிக்கவைக்கும் சிறு மின்னழுத்தம்தான் பயஸ். அதைக் கொடுக்காமல் விட்டால் மேல் பக்கம் உறங்கிய பிறகும் கீழ்ப் பக்கம் எழுந்திருக்காது. ஆசிலாஸ்கோப்பில் சைன் அலையைப் பார்த்தால், நடுக்கோட்டைத் தாண்டும் இடத்தில் அலை சற்று நேரம் படுத்துவிட்டு மறுபடி கிளம்புவது தெரியும். செங்கல்லைக் கைக்குக் கை கொடுத்து ஏற்றும்போது முதல் ஆள் விட்ட பிறகுதான் அடுத்த ஆள் கையை நீட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் இது. நாம் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ‘ஓய்வு மின்னோட்டம்’ (ஒலி எதுவும் வராதபோதும் பயஸால் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம்) இரண்டு கையும் ஒரு கணம் சேர்ந்து பிடிப்பதற்கான ஏற்பாடு.

காதுக்கு இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அலையின் தலை வெட்டுப்படுவது தனிக் கோளாறு. இது நேர்மாறு. அலை பெரிதாக இருக்கும்போது அந்தச் சிறு தடுமாற்றம் அடிபட்டுப் போகும். சத்தத்தைக் குறைத்தால்தான் உறுத்தும். இரவில் மெதுவாகக் கேட்கும் குரல் மட்டும் கரகரக்கிறது, உரக்க வைத்தால் சரியாகிவிடுகிறது என்று ஒருவர் பெருக்கியைக் கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது ஓய்வு மின்னோட்டத்தைத்தான்.

> சுழிக்கடப்புத் திரிபு என்பதே துல்லியம். அலை சுழியைக் கடக்கும் இடத்தில்தானே இது வருகிறது?

இதுதான் வலுவான போட்டிச் சொல். இருந்தாலும் இரண்டு தடை இருக்கிறது. எல்லா ஒலி அலையும் எல்லாப் பெருக்கியிலும் சுழியை, அதாவது பூஜ்யக் கோட்டை, கடக்கிறது. ‘ஏ’ வகுப்புப் பெருக்கியிலும் கடக்கிறது, ஆனால் அங்கே எந்தப் பக்கமும் உறங்குவதில்லை என்பதால் இந்தத் திரிபு கிடையாது. ஆகவே கடப்பது குற்றவாளி அல்ல. இன்னொன்று, பயஸைத் தேவைக்கு மேல் ஏற்றிவிட்டால் சுழியை ஒட்டிய பகுதியில் இரு பக்கமும் சேர்ந்து வேலை செய்யும். அதைத் தாண்டியதும் ஒரு பக்கம் விலகிக்கொள்ளும். விலகும் இடத்தில் பெருக்கத்தில் ஒரு மாற்றம், அதனால் ஒரு திரிபு. அந்த இடம் சுழியிலிருந்து தள்ளி, இருபுறமும் இருக்கிறது. இதைச் சுழிக்கடப்பு என்றால் பொய்யாகிவிடும். கைமாறல் என்றால் இரண்டுக்கும் பொருந்தும்: ஒன்று தாமதமான கைமாறல், மற்றது பிடியை விடாத கைமாறல். பயஸ் குறைந்தாலும் கோளாறு, மிஞ்சினாலும் கோளாறு என்பதைப் பழுது பார்ப்பவர் சொல்லிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம்.

> கைமாற்று என்றால் அவசரத்துக்கு வாங்கும் சின்னக் கடன் அல்லவா?

ஆமாம், அதனால்தான் ‘கைமாற்றுத் திரிபு’ வேண்டாம் என்கிறேன். படித்ததும் யாரோ பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று தோன்றும். ‘கைமாறு’ என்றால் நன்றிக்கடன், அதுவும் உதவாது. ‘கைமாறல்’ பிழைத்துக்கொள்கிறது, நிலம் கைமாறியது, கடை கைமாறியது என்று நாம் தினமும் சொல்லும் அதே வினை. வினையாக இருப்பதால் கையேட்டில் வளைத்து எழுதவும் முடியும்: கைமாறும் இடம், கைமாறல் சீராக இல்லை, கைமாறும்போது தடுமாறுகிறது.

புணர்ச்சி விதியைக் கறாராகப் பார்த்தால் இது ‘கைமாறற்றிரிபு’ ஆகும். அந்த வடிவத்தை யாரும் தயவுசெய்து கையேட்டில் ஏற்றிவிடாதீர்கள். நடுவில் இடம் விட்டு எழுதுவோம்.

இந்தச் சொல் பழைய பெருக்கிகளின் கதையைச் சொல்லவும் கைகொடுக்கிறது. டிரான்சிஸ்டரில் என்பிஎன், பிஎன்பி என்று எதிரெதிர்த் துருவம் கொண்ட இரு வகை உண்டு. 1960-களில் அதிக ஆற்றலைத் தாங்கும் பிஎன்பி சிலிக்கான் டிரான்சிஸ்டர் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை அதிகம். ஆகவே வெளியீட்டில் இரு பக்கமும் 2என்3055 போன்ற என்பிஎன் வகையையே போட்டு, கீழ்ப் பக்கத்தில் மட்டும் ஒரு சிறிய பிஎன்பியை முன்னால் சேர்த்துச் சமாளித்தார்கள். மேல் பக்கம் விழிக்க இரண்டு பேஸ்-எமிட்டர் சந்தி தாண்ட வேண்டும், கீழ்ப் பக்கத்துக்கு ஒன்று போதும். இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாதபோது கைமாறல் எப்படிச் சமமாக இருக்கும்? அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் பெருக்கிகளுக்கு வறண்ட ஒலி என்று கெட்ட பெயர் வந்ததில் இதற்கும் பங்கு உண்டு. 1969-இல் பீட்டர் பாக்ஸாண்டால் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் கீழ்ப் பக்கத்தில் ஒரு டயோடும் மின்தடையும் சேர்த்து இந்தச் சமனின்மையைக் குறைக்கும் வழியைச் சொன்னார். அந்தக் காலத்துப் பெருக்கி ஒன்றை மேம்படுத்த நினைப்பவருக்கு, வெளியீட்டையே மாற்றி அமைப்பதை விட இது சின்ன வேலை. 1975-இல் வந்த குவாட் 405 என்ற பெருக்கி வேறு வழியில் போனது. அதில் ஓய்வு மின்னோட்டத்தைச் சரிசெய்யும் பிரீசெட்டே (திருகி அளவை மாற்றும் சிறு மின்தடை) கிடையாது. இல்லாததைத் தேடி யாரும் போர்டைச் சுரண்ட வேண்டாம் என்று கையேட்டில் ஒரு வரி போடலாம்.

> ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவருக்கும் இதே சொல்லா?

கூடவே கூடாது. பெட்டிக்குள் இருப்பது தாழ் ஒலியை வூஃபருக்கும் உயர் ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுருளும் மின்தேக்கியும். அங்கே எதுவும் கைமாறவில்லை, பங்கு பிரிகிறது. அதற்கு ‘பிரிப்புச் சுற்று’ போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால், பெருக்கியில் கோளாறு என்றதும் ஸ்பீக்கர் பெட்டியைப் பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழில் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

சொல் தாங்குகிறதா என்று பார்க்கக் கையேட்டுக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“ஸ்பீக்கரைக் கழற்றி, உள்ளீட்டில் எதுவும் கொடுக்காமல் பெருக்கியை அரை மணி நேரம் சூடேற விடவும். வெளியீட்டு டிரான்சிஸ்டரின் எமிட்டர் மின்தடைக்கு இருபுறமும் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பார்க்கவும். மின்தடை 0.22 ஓம், மீட்டர் 11 மில்லிவோல்ட் காட்டினால் ஓய்வு மின்னோட்டம் 50 மில்லிஆம்பியர். தயாரிப்பாளரின் சர்வீஸ் மானுவல் சொல்லும் அளவே முதல் அளவு. அதற்குக் கீழே இருந்தால் கைமாறல் திரிபு கூடும். வெகு மேலே போனால் வெப்பமும் கூடும், திரிபு வேறு வடிவில் திரும்பி வரும். பழைய திறந்த வகை பிரீசெட்டைத் திருகுவதற்கு முன் அதை மாற்றிவிடவும். கரிப்பாதை தேய்ந்து நடுமுனை ஒரு கணம் தொடர்பு விட்டாலும், சில சுற்றுகளில் பயஸ் உச்சத்துக்குப் போய் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரிந்துவிடும். பயஸ் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே பிரீசெட் இருந்தால், அதைப் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே வருமாறு மின்தடைகளைக் கணக்கிட்டு மாற்றி அமைக்கலாம். அப்புறம் தொடர்பு விட்டால் பயஸ் விழும், எதுவும் எரியாது. மாற்றிய பின் முதல் முறை சீரீஸ் பல்பு (மின்சார வழியில் தொடராக இணைத்த பல்பு) வழியாகவே மின்சாரம் கொடுக்கவும்.”

எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

-----

ஐயா, வணக்கம்.

கைமாறல் எனக்குச் சம்மதம். திரிபு சம்மதமில்லை. தமிழ்நாட்டு இயற்பியல் பாடத்தில் கம்பியை இழுக்கும்போது நீளம் மாறும் விகிதத்துக்குத் திரிபு என்றுதான் பெயர். தகைவு, திரிபு என்று ஜோடியாகவே படிக்கிறார்கள். உருக்குலைவு என்று போட்டால் என்ன?

-----

வணக்கம். இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பாடநூல்களில் பெருக்கி என்பது விரியலாக்கி, பயஸ் என்பது கோடல், கம்பி நீள்வது விகாரம். ஆகவே திரிபால் எங்களுக்குக் குழப்பம் வராது. கைமாறல் இரு கரையிலும் விளங்கும் சொல், அதை விட்டுவிடாதீர்கள். பயஸ் என்ற இடத்தில் மட்டும் கோடல் என்று ஒருமுறையாவது சேர்த்து எழுதினால் எங்கள் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

-----

நண்பர்களுக்கு,

கோடலை முதல் இயலிலேயே பயஸுக்குப் பக்கத்தில் சேர்த்துவிடலாம், மறுப்பே இல்லை. விரியலாக்கியையும் கூடவே.

உருக்குலைவு பற்றி: தலை வெட்டுப்பட்ட அலைக்கு அது பொருந்தும், பார்த்தாலே உருக்குலைந்து இருக்கும். இங்கே பயஸ் சற்றே குறைந்திருந்தால் திரையில் அலை கிட்டத்தட்ட ஒழுங்காகவே தெரியும். மூல ஒலியில் இல்லாத மேலிசைகள் (ஹார்மோனிக்ஸ்) நுழைந்து ஒலி திரிந்திருக்கும். பால் திரிந்துவிட்டது என்கிறோமே, அந்தத் திரிதல்தான் எனக்கு வேண்டும். இயந்திரப் பாடத் திரிபும் இதுவும் ஒரே பக்கத்தில் சந்திக்கப்போவதில்லை. ஒருவேளை சேசிஸ் தகடு வளைவதைப் பற்றி யாராவது இயல் எழுதினால் அப்போது பார்த்துக்கொள்வோம்.

வேறு மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சொற்பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: கைமாறல் திரிபு, ஓய்வு மின்னோட்டம், பிரிப்புச் சுற்று. அடுத்தது டேம்பிங் ஃபேக்டர். அதற்கு ‘ஒடுக்கற் காரணி’ என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள், முதலில் அது ஸ்பீக்கர் கூம்பை என்ன செய்கிறது என்று பேசிவிடுவோம்.