ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்கள், தோட்டத்தில் எதைச் சுடலாம்?

மேட்டுத்தோட்டம்:
வணக்கம்ங்க. மூன்று ஏக்கர் தோட்டம், பாதி மக்காச்சோளம், பாதி தென்னை. கதிர் பால் பிடிக்கும்போது கிளியும் மயிலும் இறங்குகின்றன. குரும்பையை எலி கடித்துத் தள்ளுகிறது. குரங்கு, காட்டுப்பன்றி தொல்லையும் உண்டு. 0.177 ஸ்பிரிங் ஏர் கன் வாங்கலாம் என்று இருக்கிறேன். லைசென்ஸ் தேவையில்லை என்றார் கடைக்காரர். அப்படியானால் இவற்றில் எதைச் சட்டப்படி சுடலாம்?

பட்டியல்பார்:
கடைக்காரர் சொன்னது துப்பாக்கிக்குத்தான் பொருந்தும், வேட்டைக்குப் பொருந்தாது. இரண்டும் வேறு வேறு சட்டம்.

துப்பாக்கியைப் பார்ப்பது 1959 ஆயுதச் சட்டமும் 2016 விதிகளும். குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு (அதுதான் 0.177) மேல் போகாமல், குழல் வாய் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். இதில் ஒன்று மீறினாலும் வேண்டும். ஆகவே 5.5 மி.மீ. ஏர் கன் எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் லைசென்ஸ் கேட்கும்.

எதைச் சுடலாம் என்பதை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பிரிவு 9: அட்டவணை 1, 2 (காக்கப்படும் உயிர்களின் பட்டியல்கள்) இவற்றில் ஏதாவது ஒன்றில் உள்ள எந்த விலங்கையும் வேட்டையாடக் கூடாது. எந்த ஆயுதம் என்று அங்கே கேள்வியே இல்லை. கவண்கல், கண்ணி, ஏர் கன் எல்லாம் ஒன்றுதான். கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவது, விஷம் வைப்பது, கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவது, இவற்றுக்கு முயல்வதுகூட ‘வேட்டை’தான். குறி தப்பியது என்று சொல்லித் தப்ப முடியாது.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன்.

மயில் அட்டவணை 1. நம் ஊர் நாட்டுக் குரங்கும் 2022 திருத்தத்துக்குப் பிறகு அட்டவணை 1. இந்த இரண்டில் எதைச் சுட்டாலும் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. கிளி, காட்டுப்பன்றி, முயல், பழந்தின்னி வௌவால் எல்லாம் அட்டவணை 2. இவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மிச்சம் இருப்பது எலி. வீட்டு எலி, சுண்டெலி, வரப்பு எலி, பெருச்சாளி. ஏர் கன்னால் சுட உங்களுக்கு உள்ளது அவ்வளவுதான்.

மேட்டுத்தோட்டம்:
காக்கையைச் சுடலாம் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்களே?

பட்டியல்பார்:
அது பழைய கதை. காக்கை, பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவற்றைத் தீங்குயிர் என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தம் 1.4.2023 முதல் அமலுக்கு வந்தபோது அந்த அட்டவணையே போய்விட்டது. காக்கை இப்போது அட்டவணை 2. இணையத்தில் பாதிக் கட்டுரைகள் இன்னும் பழைய பட்டியலைத்தான் போடுகின்றன. 2023க்கு முந்தையது எதையும் நம்பாதீர்கள்.

தெருநாய், பூனை, பக்கத்து வீட்டுப் புறா பட்டியலில் இல்லையே என்று யாரும் கிளம்பவும் வேண்டாம். 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325 இருக்கிறது. பின்னதில் 5 ஆண்டு வரை போகலாம்.

வரப்போரம்:
பன்றி பற்றி ஒரு சேர்க்கை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறைப் பணியாளர்தான், விவசாயி அல்ல. வி.ஏ.ஓ.விடமும் வனவரிடமும் எழுத்தில் கொடுங்கள்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், 20 ஜூல் பன்றிக்கு எந்த மூலைக்கு? சாதாரண 0.22 ரைபிள் தோட்டாவே 140 ஜூலுக்கு மேல். பெல்லட் (ஏர் கன்னில் போடும் ஈயக் குண்டு) தோலில் சிக்கி, சீழ் வைத்து, அந்த உயிர் வாரக்கணக்கில் துடிக்கும்.

கிளிக்கு: ஓரத்து மூன்று நான்கு வரிசைக் கதிர்களை அந்தந்தச் செடியின் தோகையாலேயே சுற்றிக் கட்டிவிடுங்கள். கிளி ஓரத்திலிருந்துதான் தொடங்கும். மினுங்கும் ரிப்பனை இரண்டு மூன்று முறுக்கு முறுக்கி, பயிருக்கு ஒரு அடி மேலே இழுத்துக் கட்டலாம். பால் பிடிக்கும் முன்பே கட்டினால் பலன் இல்லை, பழகிவிடும்.

குறிமுள்:
எலி சுடுவது பற்றி. 0.5 கிராம் பெல்லட் 20 ஜூலுக்குச் வினாடிக்குச் சுமார் 280 மீட்டர் வேகத்தில் போகவேண்டும். நம் ஊர் ஸ்பிரிங் கன் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். அதனால் 10 மீட்டரில் குறியைச் சரிசெய்து, 15 மீட்டருக்கு மேல் சுடாதீர்கள். அந்தத் தூரத்தில் பத்துக்கு பத்தும் ஒரு ரூபாய்க் காசளவு வட்டத்தில் விழும்வரை தாளில் மட்டும் சுடுங்கள். குறி கண்ணுக்கும் காதுக்கும் நடுவே. உடம்பில் பட்டால் எலி வளைக்குள் போய்த்தான் சாகும், அது வதை.

துப்பாக்கியின் முன்கட்டையைக் கல்லிலோ கம்பியிலோ அழுத்தி வைத்தால் ஸ்பிரிங் கன் குதித்துக் குறி மேலே ஏறும். உள்ளங்கையில் தளர்வாகத் தாங்குங்கள். பெல்லட் இல்லாமல் விசையை இழுத்தால் பிஸ்டன் சுவரில் மோதி சீல் கிழியும்.

எலிக்குப் பின்னால் மண்கரை இருக்கவேண்டும். சிமெண்ட், கல், தகரம் என்றால் பெல்லட் திரும்பி வரும். மரத்து உச்சியை நோக்கிச் சுடவே கூடாது. தவறிய பெல்லட் அடுத்த தோட்டத்தில் இறங்கும். இன்னொன்று, இரவில் தென்னையில் மின்னும் கண் எலியாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள், மரநாயாக இருக்கலாம். அதுவும் கீரியும் பட்டியலில் உள்ளவை.

செத்த எலியைக் கையுறையோடு எடுத்து ஆழப் புதைக்கவேண்டும். அதில் ஈயம் இருக்கிறது, ஆந்தை தின்னக் கூடாது.

வரப்போரம்:
உண்மையில் குரும்பைக்குத் துப்பாக்கியே வேண்டாம். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 செ.மீ. அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி அடித்தால் எலி வழுக்கும். பக்கத்து மரத்து மட்டை தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் பயனில்லை, அந்த வழியாகத் தாவிவிடும். வயலுக்கு தஞ்சாவூர் கிட்டியும் (மூங்கில் எலிப்பொறி) ஆந்தை உட்கார ‘டி’ வடிவக் கம்பும் போதும். மருந்து வைத்தால் வளைக்குள் வைத்து மண்ணால் மூடுங்கள். வரப்பில் தூவி மயில் தின்று செத்தால் அதுவும் அட்டவணை 1 வேட்டைதான்.

மேட்டுத்தோட்டம்:
ரொம்ப நன்றிங்க. முதலில் தகரம் அடிக்கிறேன். தோட்டத்தில் அடிபட்ட மயில் கிடந்தால் எடுத்து வைத்துப் பார்க்கலாமா?

பட்டியல்பார்:
எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லியாக வேண்டும், பிரிவு 39. அவ்வளவு நேரம் காத்திருக்காதீர்கள். ஒரு கூடையைக் கவிழ்த்து மூடி நிழலில் வைத்துவிட்டு உடனே வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். இறகைக்கூடப் பிடுங்கி எடுக்க வேண்டாம்.